அத்தை ஏறிய மலை

ஹவாய்க்குப் போகலாம் என்று சொன்னது என் கணவர்தான். அத்தை, அதாவது என் மாமியார், ஊரிலிருந்து எங்களோடு தங்க வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் போக ஒரு மாதமே இருந்தது. அந்த ஐந்து மாதமும் நானும் கணவரும் ஆபீஸ், டேகேர், ஃப்ரீவே, வாரக் கடைசியில் கோயில், மளிகைச் சாமான் என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டோம். "அம்மாவுக்கு ஒண்ணுமே காட்டல. ஒரு வாரம் லீவ் போட்டு எங்கயாவது கூட்டிட்டுப் போகலாம்" என்றார். நாங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவது அப்போது சுலபமில்லை. கிரீன் கார்டுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வெளியே போகாமல் போகக்கூடிய தூரத்தில், வெயிலும் தென்னையும் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலைத்தொடர் தெரியும். அத்தை ஜனவரியில் வந்தபோது அது பச்சையாக இருந்தது. மே மாதம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் ஆபீஸுக்குக் கிளம்பிப் போன பிறகு பகலெல்லாம் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மாலையில் வந்து பார்த்தால் நாற்காலி அங்கேயே இருக்கும். ஒருநாள் கேட்டார்.

"அந்த மலைக்கு யாராச்சும் போவாங்களா கண்ணு?"

"வாக்கிங் போவாங்க அத்தை. பாம்பெல்லாம் இருக்குன்னு சொல்றாங்க."

"அப்படியா" என்றார். பிறகு கேட்கவில்லை.

எங்களுக்குள் சண்டையெல்லாம் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. நான் மாம்பலத்தில் ஒரு ஃபிளாட்டில் வளர்ந்தவள். அவர் கோயம்புத்தூருக்கு மேற்கே ஆலாந்துறைப் பக்கம், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டில் இருந்தது மொத்தமே சில வாரங்கள். மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த காலம் அது. அவர் இறந்து ஒரு வருடம் கழித்து அத்தை எங்களிடம் வந்தார். ரசத்துக்கு உப்பு போதுமா, குழந்தை பால் குடித்தாளா என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போனதே இல்லை. போகவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஹவாயில் கடற்கரையை ஒட்டிய ஹோட்டல். என் கணவர் எல்லாவற்றையும் முன்பே புக் பண்ணி வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அவரும் நானும் மட்டும் வழிகாட்டியோடு மலை ஏறுவது, அத்தை எங்கள் நாலு வயதுப் பெண்ணோடு கடற்கரையில் இருப்பது என்று திட்டம். அதற்கு முந்தின நாள் கடலில் இறங்கிய என் கணவர் பவளப்பாறையில் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டில் சொன்னார்.

"என்னால முடியாது. கேன்சல் பண்ணவும் முடியாதாம். நீ மட்டும் போயிட்டு வா."

"தெரியாத ஆளுங்களோட நான் தனியாவா? வேண்டாம்."

அன்னாசித் துண்டை ஃபோர்க்கால் குத்திக்கொண்டிருந்த அத்தை அதைத் தட்டில் வைத்தார்.

"நான் வாறேன் சாமி."

என் கணவர் சிரித்தார். "அம்மா, அது மலைம்மா."

"மலைதான? ஏறுறேன்."

சொன்ன விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்தவர் போலிருந்தார். என் கணவர் என்னைத் தனியாக அழைத்து, "ஈஸி டிரெயில்னுதான் போட்டிருந்தான். கொஞ்ச தூரம் போனா டயர்ட் ஆயிடுவாங்க. அங்கயே உக்கார வெச்சுட்டுத் திரும்பி வந்துடுங்க" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

என்னுடைய பழைய ஷூ அத்தைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்கினேன். சந்தன நிறச் சேலைக்கு உள்ளே மகனுடைய டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, வயல் வேலைக்குப் போகிறவர்கள் செய்வதுபோலக் கொசுவத்தை உயர்த்திச் செருகிக்கொண்டார். என் பெண் பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாட்டி, யூ லுக் ஃபன்னி!"

"ஆமாஞ் சாமி, ஃபன்னிதான்" என்றார் அத்தை. அவரும் சிரித்தார். அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வழிகாட்டி ஒரு பெண். அந்தத் தீவிலேயே பிறந்தவர். ஐம்பதை ஒட்டிய வயது, நரைத்த கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்டுத் தொப்பிக்குள்ளிருந்து வெளியே விட்டிருந்தார். வேனை அவரே ஓட்டிவந்தார். உள்ளே மினசோட்டாவிலிருந்து வந்த, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணவன் மனைவியும், அதிகம் பேசாத இரண்டு ஜெர்மன் பெண்களும் இருந்தார்கள். வழிகாட்டி அத்தையை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையாகத்தான் என்னிடம் கேட்டார், இவர் மலை ஏறிப் பழக்கம் உள்ளவரா என்று. நான் தமிழில் கேட்டேன்.

"இல்லீங்க" என்றார் அத்தை, நேராக அந்தப் பெண்ணைப் பார்த்து. "ஏறுனதில்லீங்க. ஆனா எப்படி ஏறோணும்னு தெரியுமுங்க."

மொழிபெயர்த்தேன். வழிகாட்டி சிரித்துக் கதவை அகலத் திறந்து, "வாங்க ஆன்ட்டி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஆன்ட்டி' என்பதை எங்கள் ஊர்க் குழந்தைகளிடமிருந்து எங்கேயோ கற்றுக்கொண்டாரா என்று நினைத்தேன். அந்தத் தீவுகளில் வயதில் பெரிய பெண்கள் எல்லோருமே ஆன்ட்டிதான் என்று வேனில் அவரே சொன்னார்.

மலை கடலோரச் சாலையிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றது. அடிவாரம் என்று தனியாக எதுவும் இல்லை. சாலை, அதற்கு ஒருபக்கம் கடல், மறுபக்கம் மலை, அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தபோதே இது என் கணவர் சொன்ன ஈஸி டிரெயில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே உச்சியை ஒரு மேகம் உரசிக்கொண்டு போனது.

ஏறுவதற்கு முன் வழிகாட்டி எங்களை நிற்கச் சொன்னார். தொப்பியைக் கழற்றினார். மலையைப் பார்த்துத் தன் மொழியில் ராகமாக ஏதோ சொன்னார். ஜெர்மன் பெண்கள் காமிராவை இறக்கிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை கை கூப்பி நின்றிருந்தார்.

"மலைகிட்டக் கேக்கறாங்களா கண்ணு?"

"ஆமா அத்தை. உத்தரவு கேக்கறாங்க."

"கேக்கோணும்" என்றார்.

முதலில் சவுக்குத் தோப்பு. "சவுக்குங் கண்ணு! இங்கயுமா?" என்று ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார் அத்தை. பிறகு சின்னச் சின்னக் கொய்யா மரங்கள். சிவந்த மண். வேர்களையே படியாக வைத்து ஏறவேண்டியிருந்தது. சில இடங்களில் மரத்தில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கினேன். அத்தைக்கும் வாங்கியது, ஆனால் அவர் ஒரு நிதானம் வைத்திருந்தார். ஓர் அடி வைத்து, மறு காலைச் சேர்த்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த அடி. கொஞ்ச தூரத்தில் வழிகாட்டியிடம் கையைக் காட்டித் தடி வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் தன்னுடைய ஊன்றுகோல்களில் ஒன்றைக் கொடுத்தார். அத்தை அதை மண்ணில் ஊன்றிப் பார்த்து, தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

ஒரு பாறையடியில் எல்லோரும் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

"இப்ப ஊர்ல எல்லாரும் மலைக்குப் போற நேரங் கண்ணு. சித்திரைக்கு எங்கூட்டு முன்னால கூட்டங் கூட்டமாப் போவாங்க."

வெள்ளியங்கிரியைப் பற்றித்தான் சொன்னார். அவர்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் அது தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஏழு மலை ஏறிப்போய்ச் சிவனைக் கும்பிடுவார்கள் என்று தெரியும். அத்தைக்கு அதன் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம் என்பது தெரியாது. வழுக்குப் பாறையில் எப்படிக் கால் வைக்கவேண்டும், கைதட்டிச் சுனையில் எப்போது தண்ணீர் வரும், திருநீற்று மலையில் மண் எப்படி வெள்ளையாக இருக்கும், ஆண்டி சுனையில் குளித்தால் எப்படிப் பல் கிட்டிக்கொள்ளும் என்றெல்லாம் போய் வந்தவர் போலச் சொன்னார். நடுவில் நிறுத்தி, "எல்லாம் கேட்டதுதான்" என்றார்.

அந்த மலைக்குச் சின்னப் பெண் குழந்தைகள் போகலாம், வயதான பெண்கள் போகலாம். நடுவில் உள்ளவர்கள் போகும் வழக்கமில்லை. அத்தை பத்து வயதுக்குள் போகவில்லை. அவருடைய அப்பா அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கல்யாணமாகி வந்த வீட்டில் என் மாமனார் வருடம் தவறாமல் போகிறவர். இவர் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பார். அவர் மேலிருந்து சுனைத் தண்ணீர் கொண்டுவருவார். அதை வீடு முழுக்கத் தெளித்து, ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள்.

"அம்பது வயசுக்கு மேல போகலாமே அத்தை?"

"போலாம். நானும் நாளு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அம்பது ஆன வருசந்தான் உங்க மாமா படுத்தாங்க."

மாமனார் எந்த வருடம் படுத்தார், எத்தனை வருடம் கிடந்தார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும் விஷயங்கள். அத்தைக்கு அப்போது என்ன வயது என்று யாரும் யோசித்ததில்லை.

மறுபடி ஏறினோம். மரங்கள் குறைந்தன. காற்று அதிகமானது. பிறகு திடீரென்று பக்கவாட்டில் எதுவுமே இல்லாமல் போயிற்று. நாங்கள் மலையின் முதுகெலும்புக்கு வந்துவிட்டிருந்தோம். இடதுபக்கம் நேர் கீழே கடல். வெளிர்ப் பச்சை, அப்புறம் நீலம், அப்புறம் கறுப்பு நீலம். வலதுபக்கம் பள்ளத்தாக்கு. நடுவே இருவர் சேர்ந்து நடக்க முடியாத பாதை, அதுவும் பாறை பாறையாக மேலே ஏறிப்போனது. எங்கள் வேன் கீழே ஒரு தீப்பெட்டி அளவுக்குக்கூட இல்லை.

அங்கே நான் நின்றுவிட்டேன். மேலே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பிடித்துக்கொண்டேன். உயரம் எனக்கு ஆகாது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மாம்பலத்து மொட்டை மாடியைத் தவிர நான் எங்கே ஏறியிருக்கிறேன்? வழிகாட்டி வந்து என் தோளைப் பிடித்து, பின்னோக்கியே நகர்த்தி, நாங்கள் கடைசியாகத் தாண்டிவந்த மரக்கூட்டத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார். மினசோட்டா அம்மாவும் முட்டி வலிக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்கள் உச்சிக்குப் போய்விட்டு இதே வழியாகத்தான் வருவோம். இந்த மரங்களை விட்டு நகராதீர்கள்" என்று வழிகாட்டி ஒரு விசிலை என் கையில் கொடுத்தார்.

அத்தையும் என்னோடு உட்காருவார் என்று நான் சந்தேகமே இல்லாமல் நினைத்திருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீ உக்காரு கண்ணு. நான் போயிட்டு வாறேன்."

"அத்தை, வேணாம். அங்க பாருங்க, ரெண்டு பக்கமும் பள்ளம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க பையன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"மேல போனாங்கன்னு சொல்லு."

அவர் குரலில் கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை. கடைக்குப் போனார் என்று சொல்லு என்பது மாதிரிச் சொன்னார். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வழி முழுக்கக் கவனித்தேன். இன்று வந்தவர்களில் இவர்தான் சரியாகக் கால் வைக்கிறார். என் இடுப்போடு கயிறு கட்டிக் கூட்டிப்போகிறேன், சம்மதமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாலும் பார்த்தது அத்தையை. அத்தை ஏற்கனவே கையைத் தூக்கி, கயிறு கட்ட இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. மேலே இவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? நான் அவசரமாக 'ஸ்டாப்', 'சிட்', 'ஹோல்டு' என்று அத்தைக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நில்லு" என்றார், நின்று காட்டினார். "உக்காரு" என்றார், உட்கார்ந்து காட்டினார். "புடி" என்று கயிற்றைப் பிடித்தார். வழிகாட்டி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். "நில்லு. உக்காரு. புடி." உச்சரிப்பு அவ்வளவு மோசமில்லை. அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

நான் மரத்தைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பாறைகளுக்கு நடுவே சந்தன நிறம் தெரியும், மறையும், இன்னும் உயரத்தில் மறுபடி தெரியும். ஒரு தடவை காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. செருகியிருந்தது பிரிந்து கொடி மாதிரி பறந்தது. அவர் நின்றார். 'நில்லு' என்று அந்தப் பெண் சொல்லியிருப்பார். முந்தானையை இழுத்துச் சுற்றிச் செருகிக்கொண்டு மறுபடி நடந்தார். பிறகு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனவர் தெரியவே இல்லை. மேகம் உச்சியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"உங்கள் அம்மாவா?" என்று மினசோட்டா அம்மா கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் ஏதோ பாதாம், திராட்சையெல்லாம் கலந்த பையை நீட்டினார். தன் பேரன்களைப் பற்றிச் சொன்னார். நான் ஊம் கொட்டினேன். என் கண் பாறையிலேயே இருந்தது. எனக்கு உச்சியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. அந்த நேரத்தில் அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் நினைத்துக்கொண்டே இருந்த ஒருவர் ஒரு மலையின் தலைக்குப் போய்ச் சேரும்போது முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க நான் இல்லை. மொழி தெரியாத நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் எனக்கு அந்த ஏக்கம் தீரவில்லை.

அவர்கள் இறங்கி வந்தபோது சத்தம்தான் முதலில் கேட்டது. "புடி, புடி" என்று வழிகாட்டியின் குரல். பிறகு அத்தை. முடி அவிழ்ந்து, முகம் சிவந்து, உள்ளங்கையெல்லாம் செம்மண். வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் தண்ணீரைக் கொடுத்தேன். பாட்டிலை அண்ணாந்து குடித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் அவர் கையைப் பிடித்ததில்லை. அவர் விலக்கவில்லை.

வழிகாட்டி என்னிடம் சொன்னார். உச்சியில் போனதும் ஆன்ட்டி ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார், அப்புறம் மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்தார். ஜெர்மன் பெண்களில் ஒருத்தி அழுதுவிட்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. "அதன் பிறகு ஆன்ட்டி என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் புரியவில்லை. வீடு எங்கே என்று கேட்கிறாரோ என்று கலிஃபோர்னியா இருக்கும் பக்கம் காட்டினேன். இல்லை என்றார். இந்தியா இருக்கும் பக்கம் காட்டினேன். அதுவும் இல்லை. அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது."

"அவங்ககிட்ட மேல என்ன கேட்டீங்க அத்தை?"

"சுனை எங்கேன்னு கேட்டேன்."

"எது?"

"தண்ணி கண்ணு. மலைமேல சுனை இருக்குமில்ல? கொண்டுபோன பாட்டில்ல புடிச்சுட்டு வரலாம்னு பாத்தேன். வெறுங்கையோட எப்படி எறங்கறது?"

வழிகாட்டிக்குச் சொன்னேன். அந்த மலையின் உச்சியில் ஊற்று எதுவும் கிடையாதாம். அந்தப் பெண் திரும்பி உச்சியைப் பார்த்தார். பிறகு, "அடுத்த தடவை நான் தண்ணீர் கொண்டுவந்து மேலே வைத்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள்" என்றார். அத்தை அதைக் கேட்டு அவர் கன்னத்தைத் தொட்டு விரல்களை மடக்கிச் சொடுக்கினார். அந்தப் பெண்ணின் கன்னத்திலும் செம்மண் ஒட்டிக்கொண்டது.

திரும்பும் வழியில் வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் கேட்காமல் இருக்க முயன்று தோற்றுப்போனேன்.

"மேல என்ன பார்த்தீங்க அத்தை?"

"கல்லுதான்" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிப்புதான், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"உங்க மாமா ஒவ்வொரு வருசமும் இதேதான் சொல்லுவாங்க கண்ணு. என்னங்க பாத்தீங்க, என்னங்க பாத்தீங்கன்னு நானுங் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சேன். 'என்ன இருக்குது, கல்லுதான்'ம்பாங்க. எனக்கு அப்படிக் கோவம் வரும். ரெண்டு நாள் பேசமாட்டேன். பொம்பளைகிட்ட எதுக்குச் சொல்லோணும்னு ஒளிச்சு வெக்கறாங்கன்னு நெனச்சேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அதிலிருந்த மண் முகமெல்லாம் ஆயிற்று.

"அவங்க ஒளிக்கலை. அவங்களுக்குச் சொல்ல வரலை. எனக்கும் வரலை பாரு."

ஹோட்டல் வாசலில் என் கணவர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வருகிறோம் என்று சொன்ன நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"எங்க போயிட்டீங்க? எவ்வளவு டென்ஷன் ஆயிட்டேன் தெரியுமா? அம்மா ஓகேவா?"

"மேல வரைக்கும் போனாங்க" என்றேன்.

"மேலன்னா, டாப்புக்கா? நீ எங்க இருந்த?"

"பாதியில."

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். அத்தை அவரைத் தாண்டிப் போய் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டார். அன்று மாலை குளியல் தொட்டியில் வெந்நீர் பிடித்து அத்தையிடம் கால்களை உள்ளே வைக்கச் சொன்னேன். "நீ எதுக்குக் கண்ணு" என்று இழுத்துக்கொண்டார். விடவில்லை. பெரிய ஷூ உரசி இரண்டு குதிகாலும் தோல் கிழிந்திருந்தது. வழி முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் சிவப்பாக மாறியது. மண்ணா ரத்தமா என்று தெரியாமல் இரண்டு தடவை மாற்றிப் பிடித்தேன்.

அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போனார். அவர் எங்களிடம் வருவதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் என்றால் என் கணவர் பேசுவார், கடைசியில் ஒரு நிமிடம் எனக்குக் கொடுப்பார். திரும்பிப் போன பிறகு எடுத்ததும், "கண்ணுகிட்டக் குடு சாமி" என்பார். மறு சித்திரையில் தெருவிலிருந்த இரண்டு பெண்களோடு அவர் வெள்ளியங்கிரிக்குக் கிளம்பினார். ஐந்தாவது மலை வரை போனாராம். அங்கே மூடுபனி இறங்கிக் குளிர் தாங்கவில்லை. கூட வந்தவர்களில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தது. அவரைத் தனியாக விடமுடியாமல் அத்தையும் அவரோடு திரும்பிவிட்டார்.

"ரெண்டு மலை பாக்கி இருக்குது கண்ணு" என்று ஃபோனில் சிரித்தார். "நீ வா. அடுத்த வருசம் எனக்குத் தொணைக்கு அடிவாரத்துல உக்காந்துக்க. நான் ஏறிட்டு வாறேன்."

போக முடியவில்லை. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வருடம் அத்தைக்கு முட்டி வீங்கி மாடிப்படி ஏறுவதே சிரமமாயிற்று. இரண்டாயிரத்து ஒன்றில் எங்களுக்குக் கார்டு வந்தது. ஊருக்குப் போனோம். சேர்ந்து தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம், மலையைப் பார்த்தோம், அவ்வளவுதான் முடிந்தது. மருத்துவர் ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை, காரணம் எதுவும் யோசிக்காமல், நான் எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற அந்த மலைத்தொடருக்கு நடந்து போனேன். அது பயமுறுத்தாத மலை. அகலமான மண்பாதை, இரண்டு பக்கமும் காய்ந்த புல், அங்கங்கே ஓக் மரங்கள். பாம்பு எதையும் பார்க்கவில்லை. மேலே போய் நின்று, எங்கள் வீட்டுக் கூரை எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் ஃபோனில் அத்தையிடம் சொன்னேன்.

"மேல வரைக்கும் போனியா?"

"போனேன் அத்தை."

"என்ன பாத்த?"

மாமனாரும் அத்தையும் சொன்ன அதே சொல்தான் எனக்கும் வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். வேலி ஓரத்தில் மாடுகள் நின்றன என்றேன். கீழே ஃப்ரீவேயில் கார்கள் எறும்பு மாதிரி போயின, சத்தமே இல்லை என்றேன். மேற்கே கடல் பக்கமிருந்து பனிமூட்டம் மலை இடுக்கு வழியாக வழிந்து வந்தது என்றேன்.

"மாடு என்ன நெறம்?"

"கறுப்பு அத்தை. ஒண்ணு மட்டும் நெத்தியில வெள்ளை."

"பயந்து ஓடுச்சா?"

"இல்ல. என்னையே பார்த்துட்டு நின்னுது. நான்தான் ஒதுங்கிப் போனேன்."

"ம்" என்றார். தோட்டத்தில் யாரோ மோட்டார் போடும் சத்தம் பின்னால் கேட்டது. "அப்புறம்?" என்றார்.